குடி, தெரு, துக்கம்: உங்கள் பகுதியில் துணை நிற்க ஒரு வழிகாட்டி

மகனை விபத்தில் பறிகொடுத்தவர் தூக்கம் வராமல் குடிக்கத் தொடங்குகிறார். குடியால் வேலை போகிறது. வாடகை பாக்கி ஏறுகிறது, வீட்டில் சண்டை முற்றுகிறது. ஒருநாள் பேருந்து நிலையத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார். சிலருக்கு இந்த வரிசை மாறும். தெருவுக்கு வந்த பிறகு கொசுவுக்கும் குளிருக்கும் பயத்துக்கும் குடிக்கப் பழகியவர்களும் உண்டு. எந்த வரிசையில் வந்தாலும் துக்கம், குடி, தெரு மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கின்றன.

உதவும் மனம் நம் ஊரில் குறைவில்லை. பிறந்தநாள் என்றால் சாப்பாட்டுப் பொட்டலம் தருகிறோம், மழைக்காலத்தில் போர்வை தருகிறோம். அதைப் பெற்றுக்கொண்டவரை மறுநாள் யாரும் தேடுவதில்லை. ஒருவர் மீண்டு வர, ஒவ்வொரு வாரமும் அதே நாளில், அதே நேரத்தில் வருகிற ஒரே முகம் வேண்டும். அதைச் செய்யப் பெரிய அமைப்பு தேவையில்லை. ஒரு தெருவில் இருப்பவர்களே போதும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. மூன்று பேர், ஒரு நாள், ஒரு நேரம்

முதலில் மூன்று பேர் சேருங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தெருவில் வாழும் பெண்கள் ஆண்களிடம் எளிதில் பேசமாட்டார்கள், பேசவும் வேண்டியதில்லை. குடியிலிருந்து மீண்டு சில ஆண்டுகள் ஆன ஒருவர் கிடைத்தால் அவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு மணி நேரத்தில் பெறும் நம்பிக்கையை மற்றவர்கள் பெற மாதங்கள் ஆகும்.

வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்யுங்கள். தெருவோரம் படுப்பவர்களைப் பார்க்க இரவு எட்டரை, ஒன்பது மணி சரியான நேரம். அப்போதுதான் அவரவர் இடத்துக்கு வந்திருப்பார்கள். குடிப்பழக்கம் உள்ளவரிடம் பேசக் காலை நேரம் ஏற்றது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது. அதற்கு முன் பேசினால் பேச்சு மனதில் நிற்கும், இரவு பத்து மணிக்குப் பேசினால் நிற்காது.

ஆறு மாதம் தொடர முடியுமா என்று மூவரும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நான்கு வாரம் வந்து நின்றுபோவது, ஏற்கெனவே பலர் கைவிட்ட ஒருவரை இன்னொரு முறை கைவிடுவதாகும்.

2. ஒரு நோட்டுப் புத்தகம் தயாரியுங்கள்

தெருவில் இறங்கும் முன் உங்கள் பகுதிக்கான தகவல்களைச் சேருங்கள். பொதுவான எண்கள் இவை: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, இலவசச் சட்ட உதவிக்கு 15100. சென்னையில் மாநகராட்சியின் எண் 1913. தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்களை எழுதி வைத்தால் போதாது. ஒவ்வொன்றையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு நேரில் போய், மனநலப் பிரிவின் புறநோயாளிகள் நாள் எது, எந்த அறை, ஓ.பி. சீட்டு எத்தனை மணி வரை தருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நடுங்கும் உடம்போடு வருபவரைத் தவறான வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்கவைத்தால் அவர் மறுபடி வரமாட்டார்.

3. முதல் சந்திப்பு

தூங்குபவரை எழுப்பாதீர்கள். விழித்திருப்பவர் அருகில் போய்க் குந்தி உட்காருங்கள். நின்றபடி பேசினால் விசாரணை மாதிரி இருக்கும். "எந்த ஊரு? ஏன் இங்க வந்தீங்க? வீட்ல யாரும் இல்லையா?" என்ற கேள்விகள் முதல் நாளில் வேண்டாம். இவ்வளவு போதும்:

"வணக்கங்கய்யா. நாங்க பக்கத்துத் தெருதான். செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை இந்தப் பக்கம் வருவோம். டீ சாப்பிடுறீங்களா?"

"வேணாம்."

"சரிங்கய்யா. அடுத்த செவ்வாக்கிழமை வர்றோம்."

அடுத்த செவ்வாய் போங்கள். பெயர் சொல்லியிருந்தால் அந்தப் பெயரை நினைவில் வைத்து அழையுங்கள். மூன்றாம் வாரமோ ஐந்தாம் வாரமோ அவரே பேசத் தொடங்குவார். அன்று நீங்கள் பேசுவதைக் குறைத்துக் கேளுங்கள்.

பையில் சோப்பு, துண்டு, லுங்கி, உள்ளாடை, நாப்கின், பிஸ்கட், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், புண்ணுக்குக் கட்டும் சுத்தமான துணி இருக்கட்டும். பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் வேண்டும்: தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவர். தெருவில் வாழ்பவர் தன் ஆதாரையும் ரேஷன் அட்டையையும் ஒரு பைக்குள் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். ஒரு மழையிலோ ஒரு திருட்டிலோ அது போனால் ஓய்வூதியமும் போகும், சிகிச்சையும் சிக்கலாகும். அவர் சம்மதித்தால் அவற்றின் நகலெடுத்து உங்களிடம் ஒன்று வையுங்கள்.

புகைப்படம் எடுக்கவே கூடாது. அவருடைய பிள்ளைகள் எங்கோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம்.

4. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரங்கள்

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இது பலருக்குத் தெரியாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், உடம்பு கொதிக்கும். சிகிச்சை தராவிட்டால் உயிர் போகலாம். "ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுனா ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்ற யோசனையை யார் சொன்னாலும் தடுங்கள். 108ஐ அழையுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்காதீர்கள். இடிக்கக்கூடிய பொருள்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். போதையில் நினைவிழந்து கிடப்பவரையும் அப்படியே ஒருக்களித்து வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தெளியட்டும் என்று மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றாதீர்கள்.

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் நேரடியாகக் கேளுங்கள்: "உசுரை மாய்ச்சுக்கணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரியும். அன்று அவரைத் தனியே விட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வழக்குக்குப் பயந்து குடும்பங்கள் மருத்துவமனையைத் தவிர்ப்பதை இதைச் சொல்லியே மாற்றலாம்.

5. குடிநோய்க்குச் சிகிச்சை

குடிநோய் ஒரு நோய் என்பதை நோயாளியைவிடக் குடும்பத்துக்கு முதலில் புரியவைக்க வேண்டியிருக்கும். சத்தியம் வாங்குவது, சாமிக்குக் கயிறு கட்டுவது, மாலை போடுவது ஆகியவை சிலருக்கு உறுதி தருகின்றன. ஆனால் உடல் பழகிவிட்ட குடிக்கு மருத்துவர் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசச் சிகிச்சை கிடைக்கும்.

"குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்" என்ற சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடிகளைச் சோற்றில் கலக்காதீர்கள், அவற்றில் என்ன மருந்து இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் போன்ற மாத்திரையைச் சாப்பிட்டவர் அதன்மேல் குடித்தால் நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு மட்டுமே அதைத் தருகிறார்கள். தெரியாமல் கொடுப்பது கொலைக்குச் சமமான ஆபத்து.

தனியார் மையத்தில் சேர்க்க வேண்டியிருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மருத்துவர் தினமும் வருகிறாரா, குடும்பம் நோயாளியைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வேனில் வந்து ஆளைக் கட்டித் தூக்கிப்போகும் இடமென்றால் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பியோட வழியில்லாமல் இறந்தார்கள். அதைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது.

சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்திலிருந்து 1980இல் சென்னையில் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கினார், அதுவே டி.டி.கே. மருத்துவமனை. நோயாளியோடு குடும்பத்துக்கும் அங்கே ஆலோசனை உண்டு. மஞ்சக்குடி போன்ற ஊர்களில் அவர்கள் நடத்திய முகாம்களில், ஊரே இடமும் சாப்பாடும் தந்து தன் மக்களை மீட்டெடுத்தது. அப்படி ஒரு முகாம் நடத்த உங்கள் ஊரிலும் ஒரு கல்யாண மண்டபம் இருக்கும்.

சிகிச்சை முடிந்து வந்தவருக்கு வாராவாரம் போக ஒரு கூட்டம் வேண்டும். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, கட்டணம் இல்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் உண்டு. முதல் சில கூட்டங்களுக்கு உங்களில் ஒருவர் வாசல்வரை கூடப் போங்கள். மறுபடி குடித்துவிட்டால் திட்டாதீர்கள். "எப்ப ஆரம்பிச்சுது? எங்க இருந்தீங்க? யார் கூட?" என்று கேட்டால் அடுத்த முறை எதைத் தவிர்ப்பது என்று இருவருக்கும் தெரியும்.

6. தலைக்கு மேல் கூரை

நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களுக்கான மத்திய அரசுத் திட்டம், ஒரு லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கும் அளவுக்கு இடம் வேண்டும் என்று வகுத்தது. உங்கள் நகராட்சியில் எத்தனை காப்பகங்கள் இருக்கின்றன என்று கேளுங்கள். இல்லையென்றால் மனு கொடுங்கள்.

காப்பகத்துக்கு வர மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள். அவருடைய தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது, கணவன் மனைவி சேர்ந்து தங்க முடியுமா, கூடவே திரியும் நாயை என்ன செய்வது என்பவை அவருக்கு உண்மையான கேள்விகள். முதலில் காப்பகத்தைச் சுற்றிப் பார்க்க மட்டும் அழைத்துப் போங்கள். இரவு தங்குவதை அவர் பிறகு முடிவு செய்யட்டும்.

மனநோயோடு அலைபவரைக் கண்டால் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். அவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது 2017 சட்டப்படி காவல்துறையின் கடமை. சென்னையில் வீடற்ற மனநோயுள்ள பெண்களுக்காக 1993இல் தொடங்கிய தி பேன்யன் போன்ற அமைப்புகளும் உதவும்.

கூரை கிடைத்தவருக்கு அடுத்தது வருமானம். தகுதியுள்ள முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் தமிழக அரசு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. விண்ணப்பத்தை எழுதித் தருவதோடு நிற்காமல், தாலுகா அலுவலகத்துக்குக் கூடப் போங்கள்.

7. பதினாறாம் நாளுக்குப் பிறகு

சாவு வீட்டில் முதல் நாள் கூட்டம் நிற்க இடமில்லாமல் இருக்கும். காரியம் முடிந்ததும் உறவினர் ஊருக்குப் போய்விடுவார்கள். பந்தல் பிரித்த வீட்டில்தான் துக்கம் முழுதாக வந்து உட்காரும். உங்கள் வேலை அங்கே தொடங்குகிறது. நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்: பதினேழாம் நாள், முதல் மாதம், வீட்டில் பலகாரம் சுடாத முதல் தீபாவளி, முதல் திதி. அந்த நாள்களில் போங்கள்.

"எல்லாம் விதி", "ஆம்பள அழலாமா", "இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்ற வார்த்தைகளைத் தவிருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் வைத்த மீன்குழம்பையோ ஓட்டிய ஆட்டோவையோ நினைவுபடுத்தினால் அழுவார்கள், அழட்டும். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்ற கணக்கை யார் மீதும் போடாதீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைக் கவனித்துத்தான். ஆறு மாதத்துக்கு மேலும் ஒருவரால் எழுந்து அன்றாட வேலையே பார்க்க முடியவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

காகித வேலையும் துணைதான். மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டிய இடங்களுக்கு உங்களில் ஒருவர் கூடப் போனால் அந்த வீட்டுக்குப் பெரிய பாரம் குறையும்.

தற்கொலையிலோ குடியிலோ ஒருவர் இறந்த வீட்டை ஊர் ஒதுக்கிவைக்கும். அந்த வீட்டுக்கு முதலில் போங்கள். இன்னொரு கவனமும் வேண்டும்: நம் ஊரில் சாவு வீட்டு இரவில் பாட்டில் வந்துவிடுகிறது. மீண்டு வரும் ஒருவருடைய அப்பாவோ அண்ணனோ இறந்தால் அந்த இரவு முழுக்க அவர் பக்கத்தில் ஒருவர் இருங்கள். ஆண்டுக்கணக்காகக் குடிக்காமல் இருந்தவர்களும் சறுக்குகிற இரவு அது.

8. உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்

தனியாக எவர் வீட்டுக்கும் போகாதீர்கள். கடன் கொடுக்காதீர்கள். யாரையும் உங்கள் வீட்டில் தங்கவைப்பதாக வாக்குத் தராதீர்கள். கேட்ட கதைகளை அக்கம்பக்கத்தில் பேசாதீர்கள். ஒவ்வொரு வாரமும் வேலை முடிந்ததும் மூவரும் கால் மணி நேரம் உட்கார்ந்து, மனதை வருத்தியதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நோட்டில் எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்று எழுத வேண்டாம். யாரை எத்தனை வாரம் தொடர்ந்து பார்த்தோம், யார் மருத்துவமனைக்குப் போனார், யார் அடுத்த தேதிக்கும் போனார் என்று எழுதுங்கள். வேலை நடக்கிறதா என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும்.

சிலர் மீளமாட்டார்கள். சிலர் சொல்லாமல் போய்விடுவார்கள். அதற்காக நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இன்னொருவர் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வாரமே இரண்டு பேரிடம் பேசி மூவராகுங்கள். நோட்டில் முதல் பக்கத்தில் 108, 14416, 14446 மூன்றையும் எழுதுங்கள். பிறகு கிளம்புங்கள்.