கடைத் தரையில் ஊற்றிய பால்

2022 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. லண்டன், மான்செஸ்ரர், நோரிச், எடின்பரோ ஆகிய நகரங்களிலுள்ள பெரிய கடைகளுக்குள் சில இளைஞர்கள் நுழைந்தார்கள். தட்டுகளில் அடுக்கியிருந்த பால் போத்தல்களை எடுத்து, மூடியைத் திறந்து, பாலைத் தரையில் ஊற்றினார்கள். பணக்காரக் கடைகளும், எம்மவர் சாதாரணமாகப் போய்வரும் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் போன்றவையும் இதில் அடங்கும். செய்தவர்கள் 'அனிமல் ரெபெலியன்' என்ற இயக்கத்தினர். 2019 இல் தொடங்கிய இவ்வியக்கம் 2023 இல் 'அனிமல் ரைசிங்' எனப் பெயரை மாற்றிக்கொண்டது. பால், இறைச்சிப் பண்ணைகளை விட்டுத் தாவர உணவு உற்பத்திக்கு மாற விவசாயிகளுக்கு அரசாங்கம் உதவவேண்டும் என்பது அவர்களது கோரிக்கை.

கோவில் மலரில் இதற்கு என்ன இடம் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும் எமது பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் இப்போது இந்தப் பக்கம் நிற்கிறார்கள். அவர்கள் வீட்டில் கேட்கும் கேள்வி இறைச்சியைப் பற்றியதோடு நிற்பதில்லை. அபிஷேகப் பாலைப் பற்றியும் கேட்கிறார்கள். பெற்றோர் கோபிக்கிறார்கள், அல்லது பேச்சை மாற்றுகிறார்கள். இரண்டும் பதில் ஆகாது என்பதால் விடயத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

சைவமும் வீகனும்

எமது வழக்கிற் 'சைவச் சாப்பாடு' என்றால் மச்சம் இல்லை, முட்டை இல்லை, ஆனால் பாலும் தயிரும் நெய்யும் தாராளமாக உண்டு. வீகன் என்பவர் பால், தேன், தோற் செருப்பு, கம்பளி உட்பட விலங்கிலிருந்து பெறும் யாவற்றையும் விலக்குபவர். அந்த ஆங்கிலச் சொல்லே 1944 இற்றான் உருவாக்கப்பட்டது. அவ்வாண்டு டொனால்ட் வற்சனும் சில நண்பர்களும் இங்கிலாந்தில் வீகன் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அதற்கு முன் 1847 இல் ராம்ஸ்கேற் என்ற கரையோர ஊரில் ஆங்கிலேயரின் மரக்கறிச் சங்கம் தோன்றியது. அதே 1847 இன் கடைசி நாளிற்றான் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார் என்பது ஒரு சுவையான பொருத்தம். கோவில்களில் உயிர்ப்பலி கூடாதென்று பின்னர் அவர் எவ்வளவு கடுமையாக வாதிட்டார் என்பதை நாம் அறிவோம்.

2020 ஜனவரியில் இங்கிலாந்தின் தொழில் நியாயசபை ஒன்று, ஒழுக்க நெறியாகக் கைக்கொள்ளப்படும் வீகன் கொள்கை 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படும் நம்பிக்கை என்று தீர்ப்பளித்தது. எமது சமயத்துக்குப் பாதுகாப்பளிக்கும் அதே சட்டந்தான். ஆகவே இது வெறும் சாப்பாட்டு நாகரிகம் என்று நாம் தள்ளிவிட முடியாது.

யாருடைய பேரேட்டில் ஏறுகிறது?

பால் ஊற்றிய படங்கள் பரவியபோது பொதுமக்களிடையே எழுந்தது பெரும்பாலும் கோபந்தான். காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. அந்த மாதம் இந்நாட்டின் பணவீக்கம் 11.1 வீதம். வீட்டைச் சூடாக்குவதா பிள்ளைக்குச் சாப்பாடு வாங்குவதா என்று குடும்பங்கள் கணக்குப் பார்த்த காலத்தில், நல்ல பாலைத் தரையில் ஊற்றுவதைப் பார்க்க எவருக்கும் வயிறு எரியும். பசித்த வயிறுகளை நேரிற் கண்டவர்கள் நாம். எமக்கு இன்னும் கூடுதலாக எரிந்தது.

ஆயினும் கணக்குத் தொழில் செய்யும் எமக்கு வேறொரு கேள்வியும் எழுகிறது. எந்தச் செலவும் யாரோ ஒருவருடைய பேரேட்டில் ஏறியே ஆகவேண்டும். அந்தப் பாலின் விலை பெரிய நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கில் ஒரு தூசி. பால் வாங்கும் நிறுவனமோ, பண்ணை முதலாளியோ, சட்டம் இயற்றும் அமைச்சரோ அன்று அக்கடையில் நிற்கவில்லை. நின்றவர் மணித்தியாலச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர். வாளியும் மொப்பும் எடுத்துவந்து தரையைத் துடைத்தவரும், வழுக்கி விழாமல் வாடிக்கையாளரை ஒதுக்கி விட்டவரும், ஏச்சு வாங்கியவரும் அவரே. இந்நாட்டிற் கடைத் தட்டு அடுக்குவதிலும் இரவிற் பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதிலும் எமது சமூகத்தில் எத்தனை பட்டதாரிகளின் முதற் பத்து வருடங்கள் கழிந்தன என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கொடுமையை எதிர்ப்பவர் அதன் செலவை அதிகாரம் எதுவுமில்லாத ஒருவரின் தலையிற் கட்டுவதே எம்மை உறுத்துகிறது. போராட்டத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் பலரும் இதையே உணர்கிறார்கள், ஆனால் 'வீகன்காரர் எல்லோரும் இப்படித்தான்' என்ற சொற்களில் அதைக் கொட்டிவிடுகிறார்கள்.

இதே இயக்கம் 2024 யூனில் லண்டன் ஓவியக்கூடம் ஒன்றில் சார்ள்ஸ் மன்னரின் புதிய உருவப்படத்தின் மேல் ஒரு கேலிச்சித்திர முகத்தை ஒட்டியது. படத்துக்குச் சேதமில்லை. கண்டித்தவர்கள் இருந்தார்கள், சிரித்தவர்களும் இருந்தார்கள். எவரும் முழங்காலில் நின்று தரை துடைக்கவேண்டி வரவில்லை.

சிறு கடைகளில் நடந்தவை இன்னும் கசப்பானவை. பிரான்சில் இறைச்சிக் கடைகளின் கண்ணாடிகள் கல்லெறிக்கு இலக்காகின. சுவர்களிற் செயற்கை இரத்தம் பூசப்பட்டது. ஏறத்தாழ 18,000 கடைகளைப் பிரதிநிதித்துவம் செய்யும் இறைச்சி வணிகர் சம்மேளனம் 2018 யூனில் உள்நாட்டு அமைச்சருக்குப் பாதுகாப்புக் கேட்டுக் கடிதம் எழுதியது. 2019 ஏப்ரிலில் லீல் நகர நீதிமன்றம் இருவருக்கு முறையே 10 மாதமும் 6 மாதமும் சிறைத் தண்டனை விதித்தது.

அமெரிக்காவின் பேர்க்லி நகரில் 2017 இல் நடந்தது வேறு வகை. அங்கு ஒரு கணவனும் மனைவியும் நடத்திய சிறிய இறைச்சிக் கடை, அயலிலுள்ள நல்ல பண்ணைகளிலிருந்தே கால்நடைகளை வாங்குவதாகப் பெயர் பெற்றது. அதன் வாசலில் வாரந்தோறும் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஈற்றில், உயிர் வாழ்வது விலங்குகளின் உரிமை, எவ்வகையிற் கொன்றாலும் அது அநீதியே என்ற கருத்துப்பட ஓர் அறிவித்தலைத் தமது கண்ணாடியிலேயே தொங்கவிட உரிமையாளர்கள் உடன்பட்டார்கள். அதற்கு ஈடாக ஆர்ப்பாட்டம் நிறுத்தப்பட்டது. ஆர்வலர்கள் வெற்றி என்றார்கள். மிரட்டல் என்று சொன்னவர்களும் பலர். ஆயிரக்கணக்கில் அறுக்கும் தொழிற்சாலையை விட்டு, இருப்பவற்றுள் ஓரளவு நல்லதாகத் தெரிந்த கடையை ஏன் பிடித்தார்கள் என்ற கேள்வி எமக்கும் உண்டு. அத்தகைய கடை வாடிக்கையாளரின் மனச்சாட்சியைத் தூங்கவைக்கிறது என்பது அவர்கள் தரப்பு விடை. அதிலும் ஓர் உண்மை இல்லாமலில்லை.

கோபத்தின் அடியில் என்ன இருக்கிறது?

உளவியல் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2017 இல் மக்கினிஸ், ஹொட்சன் என்ற இரு கனேடிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்களிடம் பலவகை மக்கட் கூட்டத்தினரைப் பற்றிய மனப்பாங்கு கேட்கப்பட்டது. வீகன்களைவிடக் கீழாக மதிப்பிடப்பட்டவர்கள் போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள் மட்டுமே. இவர்கள் யார்மேலும் பால் ஊற்றவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 2012 இல் மின்சன், மொனின் என்போர் செய்த ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: மரக்கறி உண்பவர் தம்மைத் தாழ்வாக நினைக்கிறார் என்று எண்ணும்போதே இறைச்சி உண்பவர் அவரை வெறுக்கத் தொடங்கிவிடுகிறார். விரத நாளில் உறவினர் வீட்டுக்குப் போய் 'எனக்கு மச்சம் வேண்டாம்' என்று சொன்ன எவருக்கும் இது புதிதல்ல. நாம் ஒன்றும் சொல்லாமலேயே, 'நாங்கள் என்ன பாவிகளோ?' என்ற பேச்சு வந்துவிடும்.

போராட்ட முறையைப் பற்றிய ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன. 2020 இல் வெளியான பைன்பேர்க், வில்லர் ஆகியோரின் ஆய்வு, எல்லை மீறிய செயல்கள் இயக்கத்துக்கு மக்கள் ஆதரவைக் குறைக்கும் என்றது. விலங்குரிமைப் போராட்டமும் அதில் ஓர் உதாரணம். 2022 இல் அவர்களே சிம்சன் என்பவருடன் சேர்ந்து செய்த ஆய்வு, தீவிரவாத முறைகளைப் பின்பற்றும் குழு ஒன்று இருப்பதால் அதே கொள்கையுடைய மிதவாதக் குழுவுக்கு ஆதரவு கூடலாம் என்று காட்டியது. கடையிற் கூச்சலிட்டவரைப் பார்த்த பின், அமைதியாகத் துண்டுப்பிரசுரம் கொடுப்பவர் நியாயமான மனிதராகத் தோன்றுகிறார் போலும். போராட்ட அரசியலை அருகிலிருந்து பார்த்த எமது தலைமுறைக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து

இலங்கையில் சிலாபத்துக்கு அருகே முன்னேசுவரம் பத்திரகாளி அம்மன் கோவிலில் வருடாந்தம் ஆடு, கோழி பலியிடும் வழக்கம் இருந்தது. 2011 செப்டெம்பரில் அப்போது அமைச்சராயிருந்த மேர்வின் சில்வா தமது ஆட்களுடன் கோவிலுக்கே சென்று, பலிக்கெனக் கொண்டுவரப்பட்ட மிருகங்களை எடுத்துச் சென்றார். பலியை நாம் ஆதரிக்கவில்லை. நாவலர் வழி வந்த சைவர்கள் பலரும் அதை ஒழிக்கவேண்டும் என்றே நெடுங்காலம் சொல்லி வந்தவர்கள். ஆயினும் அந்தச் செய்தியை வாசித்தபோது எம்மவர் பலரின் மனம் ஆட்டின் பக்கம் போகவில்லை. எமது கோவிலுக்குள் இவர் யார் நுழைவதற்கு என்றே போயிற்று. நாட்டின் இறைச்சிக் கடைகள் மறுநாளும் திறந்தே இருந்தன என்பதும் கண்ணில் பட்டது. பேர்க்லிக் கடைக்காரரின் மனநிலையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு சம்பவம் எமக்குப் போதும்.

மறுபுறமும் ஒன்று உண்டு. வேல்ஸிலுள்ள ஸ்கந்த வேலுக்கு எம்மில் அநேகர் யாத்திரை போயிருப்போம். அங்கிருந்த ஷாம்போ என்ற கறுப்புக் காளைக்கு 2007 இல் மாட்டுக் காசநோய்ப் பரிசோதனையில் நோய்க்குறி காணப்பட, அதைக் கொல்ல உத்தரவிடப்பட்டது. யூலை மாதம் உயர் நீதிமன்றம் உத்தரவை இரத்துச் செய்தது. ஒரு வாரத்துள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதிகாரிகள் வந்தபோது துறவிகளும் அடியார்களும் பூசை செய்தபடி வழியிலேயே இருந்தார்கள். பொலிசார் அவர்களை அகற்றிய பின்னரே காளை கொண்டுசெல்லப்பட்டு, யூலை 26 ஆம் திகதி கொல்லப்பட்டது. தம் மாடுகளை அதே சட்டத்துக்குப் பறிகொடுத்த விவசாயிகள், இந்துக்களுக்கு மட்டும் என்ன சலுகை என்று கேட்டார்கள். அன்று சட்டத்தின் குறுக்கே அமர்ந்தவர்களுக்காக நாம் கண்ணீர் விட்டோம். ஆகவே உயிருக்காகக் குறுக்கே நிற்பதே பிழை என்று எமது பிள்ளைகளிடம் நாம் வாய் திறக்க முடியாது. வழிமறித்தவர்கள் தமது கோவிலில், தமது உடலை வைத்து மறித்தார்கள் என்ற வேறுபாட்டைத்தான் காட்டலாம்.

இனி அபிஷேகப் பால். கன்று ஈன்ற பசுவே பால் தரும். இன்றைய பாற்பண்ணைகளிற் கன்று பெரும்பாலும் பிறந்த சில மணி நேரத்தில் அல்லது சில நாளிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. 20 வருடம் வாழக்கூடிய பசு, கறவை குறைந்ததும் ஆறேழு வயதுக்குள் இறைச்சிக்குப் போய்விடுகிறது. கோமாதா என்று நாம் வணங்குவது இந்தப் பாலைத் தருபவளைத்தான். வள்ளுவர் புலால் மறுத்தலில், உண்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்ற கருத்தை வைத்து, வாங்குபவரையும் கணக்கிற் சேர்த்துவிட்டார். கடையில் நின்று கூச்சலிடும் பிள்ளை சொல்வதும் ஏறக்குறைய அதுவே. செவ்வாயும் வெள்ளியும் சைவம், கந்தசஷ்டி முடிந்த மறுநாள் ஆட்டிறைச்சி என்று நடக்கும் வீட்டில் இந்தக் கேள்விக்குக் கோபம் வருவது இயல்பே. ஆனால் பால் ஊற்றியவரின் நடத்தை பிழை என்பதால் கன்றைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிடாது.

ஒரு வழி உண்டு. பசுவையோ கன்றையோ கொலைக்கு அனுப்பாமற் கறக்கும் 'அகிம்சைப் பால்' 2011 முதல் இந்நாட்டிற் சிறிய அளவில் விற்பனையாகி வந்திருக்கிறது. விலை சாதாரணப் பாலைவிடப் பல மடங்கு. நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டால், அபிஷேகப் பாலின் அளவை நாலில் ஒன்றாக்கினால் கோவிற் செலவு ஒரு சதமும் கூடாது. குடங்குடமாக ஊற்றினாற்றான் சுவாமி குளிர்வார் என்று எந்தக் குருக்களும் எமக்குச் சொன்னதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பேச இளைஞருக்கும் இடம் கொடுக்கலாம் என்பது எமது அபிப்பிராயம்.

சட்டம் பற்றிச் சில விபரங்களைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடை தனியார் இடம். வெளியேறச் சொன்னால் வெளியேறவேண்டும். வெறுமனே நிற்பது குடியியல் அத்துமீறல் மட்டுமே. ஆனால் கடையின் வேலையைத் தடுக்கும் நோக்குடன் அத்துமீறினால் 1994 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகலாம். பொருளைச் சேதப்படுத்துவது வேறொரு குற்றம். இன்னும் குடியுரிமை கிடைக்காத குடும்பங்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். பிரித்தானியக் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை நிபந்தனை 10 வயதிலிருந்தே பொருந்தும். நீதிமன்றத் தண்டனை மட்டுமன்றிப் பொலிசார் எழுத்தில் வழங்கிய எச்சரிக்கையையும் அதில் அறிவிக்கவேண்டும். கூடப் படிக்கும் ஆங்கிலப் பிள்ளைக்கு ஒரு கதையாக முடிவது, அகதிப் பிள்ளைக்குப் பல வருடக் காத்திருப்பாக முடியலாம். கடைக்கு வெளியே, பொது நடைபாதையில், எவரையும் மறிக்காமல் நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்பதற்கு இவற்றில் எதுவும் பொருந்தாது.