ஜேன் ஆஸ்டின் தம் நூல்களை விற்ற கதை

நாவல் எழுதுவது ஒரு வேலை. எழுதியதை அச்சேற்றி, விலை வைத்து, வாசகர் கையில் சேர்ப்பது முற்றிலும் வேறு வேலை. பதிப்பகத்தாரை நம்பியிராமல் தம் பொறுப்பிலேயே நூல் வெளியிடும் எழுத்தாளர்கள் இன்று பலர் இருக்கின்றனர். இது ஏதோ புதிய வழி என்று தோழியர் எண்ணிவிட வேண்டாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த திருமணமாகாத பெண்மணி ஒருவர், நட்டம் வந்தால் தாமே தாங்குவதாக ஒப்புக்கொண்டு தம் முதல் நாவலை வெளியிட்டார். அவர்தாம் ஜேன் ஆஸ்டின் அம்மையார். அவருடைய கதைகளின் அழகைப் பற்றி எழுதியோர் பலர். அக்கதைகளை அவர் எவ்வாறு எழுதினார், எவ்வாறு விற்றார், அதனால் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதையே இங்கு நான் சொல்ல விரும்புகிறேன்.

அம்மையார் 1775ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஸ்டீவன்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஆஸ்டின் அவ்வூரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பங்குக்குரு. (அத்திருச்சபையில் குருக்கள் மணம் செய்துகொள்வது உண்டு.) எட்டுக் குழந்தைகளில் ஜேன் ஏழாமவர். சிறு வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டபோது கடுமையான விஷக்காய்ச்சல் கண்டு சாவின் வாயில்வரை சென்று மீண்டார். பதினோரு வயது நிறைவதற்குள் அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. அதன்பின் அவருக்குப் பள்ளியாக விளங்கியது தந்தையாரின் ஐந்நூறு நூல்கள் கொண்ட நூலகமே.

பன்னிரண்டு வயதளவில் எழுதத் தொடங்கியவர், மூன்று நோட்டுப் புத்தகங்களை நிரப்பி வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றில் இங்கிலாந்து வரலாறு ஒன்று இருக்கிறது. அதை எழுதி முடித்தபோது அவருக்கு வயது பதினைந்து. நம் வகுப்பு மாணவியரின் வயதுதான். அக்காள் கசாண்ட்ரா அதற்குப் படம் வரைந்து கொடுத்தார். பாடநூல்களைக் கேலி செய்து எழுதிய வரலாறு அது. இதில் தேதிகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்று தொடக்கத்திலேயே எச்சரித்துவிடுகிறார். நம் வரலாற்று ஆசிரியை இதற்கு எத்தனை மதிப்பெண் தருவாரோ! ஸ்காட்லாந்து அரசி மேரியின் பக்கம் நின்று வாதாடுகிறார். தமக்குக் கத்தோலிக்க மதத்தின் மீது சாய்வு உண்டென்றும் விளையாட்டாகச் சொல்லிக்கொள்கிறார்.

விளையாட்டு முடிந்து தொழில் தொடங்கியபோதுதான் கதவுகள் சாத்தப்பட்டன. 1797இல் தந்தையார், மகள் எழுதிய நாவல் ஒன்றைப் பற்றி லண்டன் பதிப்பாளர் கேடெல் என்பவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்கக்கூட விரும்பாமல், மறுதபாலிலேயே மறுப்பு வந்தது. அந்த நாவலே பிற்காலத்தில் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ ஆயிற்று. 1803இல் ‘சூசன்’ என்னும் நாவலைக் கிராஸ்பி நிறுவனம் 10 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டு, விரைவில் வெளிவரும் என்று விளம்பரமும் செய்தது. ஆனால் அச்சிடவே இல்லை. ஆறு ஆண்டுகள் பொறுத்த அம்மையார், 1809இல் புனைபெயர் ஒன்றில் கடிதம் எழுதி விசாரித்தார். நூலை வெளியிட வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை; வேண்டுமானால் அதே 10 பவுண்டைக் கொடுத்துத் திரும்பப் பெறலாம் என்று பதில் வந்தது. அந்தத் தொகை அப்போது அவரிடம் எளிதில் புரளக்கூடியது அன்று. 1816இல்தான் அண்ணன் ஹென்றி அதைத் திரும்ப வாங்கினார். இன்னும் ஒரு செய்தி: 2017இல் இங்கிலாந்து வங்கி அம்மையாரின் உருவத்தைப் பொறித்து ஒரு நோட்டை வெளியிட்டது. அது 10 பவுண்டு நோட்டு!

1805இல் தந்தையார் இறந்தார். தாயும் இரு பெண்களும் ஆண் மக்களின் ஆதரவில் இடம் மாறி இடம் மாறி வாழ வேண்டியதாயிற்று. 1809இல், செல்வர் ஒருவர் குடும்பத்துக்குத் தத்துப் போயிருந்த அண்ணன் எட்வர்ட், சாட்டன் என்னும் ஊரில் ஒரு வீட்டை அவர்களுக்குக் கொடுத்தார். அங்கேதான் அம்மையாரின் எழுத்து வாழ்வு முறையாக அமைந்தது. காலையில் எழுந்ததும் பியானோ வாசிப்பார். பிறகு ஒன்பது மணிக்குக் காலை உணவு தயாரிப்பார். தேயிலை, சர்க்கரைக் கணக்கும் அவர் பொறுப்பு. மற்ற வீட்டு வேலைகளைப் பெரும்பாலும் கசாண்ட்ராவும் உடன் வாழ்ந்த மார்த்தா என்ற தோழியும் பார்த்துக்கொண்டனர். இதை நூலாசிரியர்கள் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இரு பெண்களும் அடுப்படியைத் தாங்கிக்கொள்ளாவிட்டால் நமக்கு ‘எம்மா’ கிடைத்திருக்குமா என்பது ஐயமே. தனி அறை எதுவும் அவருக்கு இல்லை. சிறிய மேசை ஒன்றில், சிறு தாள்களில் எழுதுவார். ஒரு கதவு கிறீச்சிடும். அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். யாரேனும் வருவது முன்கூட்டியே தெரிந்தால் தாள்களை மறைத்துவிடலாம் அல்லவா! இது அவருடைய அண்ணன் மகன் எழுதி வைத்த செய்தி.

கதைக்குரிய பொருளை அவர் எங்கும் தேடி அலையவில்லை. சகோதரர் இருவர் கடற்படையில் இருந்தனர். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’, ‘பெர்சுவேஷன்’ ஆகியவற்றில் வரும் கடற்படையினர் அவர்களிடமிருந்து பிறந்தவர்கள். தம்பி சார்லஸ் 1801இல் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் அக்காள்மார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகளும் பொன் சங்கிலிகளும் வாங்கித் தந்தார். பல ஆண்டுகள் கழித்து ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாயகிக்குக் கப்பல்காரச் சகோதரன் ஒரு சிலுவையைப் பரிசளிக்கிறான். அச்சிலுவைகள் இரண்டும் இன்றும் சாட்டன் வீட்டு அருங்காட்சியகத்தில் உள்ளன. அண்ணன் மகள் அன்னா நாவல் எழுத முயன்றபோது, அயர்லாந்தின் பழக்கவழக்கம் உனக்குத் தெரியாது. பாத்திரங்கள் அங்கே போகட்டும், நீ அவர்களோடு போகாதே என்னும் பொருள்பட அறிவுரை கூறினார்.

இனி விற்பனைக்கு வருவோம். ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ 1811ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் வெளிவந்தது. வெளியிட்டவர் லண்டனைச் சேர்ந்த தாமஸ் எகர்ட்டன். கமிஷன் முறையில் ஒப்பந்தம். அதாவது காகிதம், அச்சுக்கூலி, விளம்பரம் எல்லாம் ஆசிரியர் கணக்கில். பதிப்பாளர் விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வார். இலாபம் வந்தால் ஆசிரியருக்கு. நட்டம் வந்தாலும் ஆசிரியருக்கே. கந்தைத் துணியைக் கூழாக்கிக் கையால் காகிதம் செய்த காலம், போர்க்காலமும்கூட. எனவே செலவின் பெரும்பகுதியைக் காகிதமே விழுங்கிவிடும். நட்டம் நிச்சயம் என்றே அம்மையார் எண்ணினார். தம் சொற்ப வருவாயிலிருந்து அதற்கென ஒரு தொகையை ஒதுக்கியும் வைத்தார். மூன்று பாகங்கள், விலை 15 ஷில்லிங். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று மட்டும் இருந்தது. நூல் விலை அதிகமாதலால் மக்கள் பெரும்பாலும் சந்தா நூலகங்களிலிருந்து எடுத்தே படித்தனர். அன்னா அப்படியொரு நூலகத்தில் இந்நூலைக் கையிலெடுத்து, தலைப்பைப் பார்த்தாலே இது வெறும் குப்பை என்று தெரிகிறது என்று சொல்லித் தூக்கிப் போட்டாளாம். பக்கத்தில் நின்றிருந்த அத்தைமார் இருவரும் வாயைத் திறக்கவில்லை. 1813ஆம் ஆண்டு நடுவில் முதற்பதிப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. இலாபம் 140 பவுண்டு.

இதற்குள், வருவது வரட்டும் என்று துணியாமல், ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் பதிப்புரிமையை எகர்ட்டனுக்கே விற்றுவிட்டிருந்தார். அவர் கேட்டது 150 பவுண்டு, கிடைத்தது 110. 1813 ஜனவரியில் 18 ஷில்லிங் விலையில் நூல் வந்தது. முதல் பிரதி வந்த அன்று, வீட்டுக்கு வந்திருந்த அண்டை வீட்டுப் பெண்மணிக்கு அதைத் தாயாரும் மகளும் படித்துக் காட்டினர். எழுதியவர் எதிரிலேயே இருக்கிறார் என்பதை அந்த அம்மாள் அறியவே இல்லை. அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பும், 1817இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. ஆசிரியருக்கு ஒரு பென்னிகூட மேற்கொண்டு வரவில்லை.

பட்டறிவு பெற்ற அம்மையார் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலை 1814இல் மீண்டும் கமிஷன் முறையிலேயே வெளியிட்டார். ஆறே மாதத்தில் பிரதிகள் தீர்ந்தன. உறவினரும் நண்பரும் அதைப் பற்றிச் சொன்ன கருத்துகளையெல்லாம், குறை கூறியவர் கருத்து உட்பட, ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டார். நமக்குக் கட்டுரை நோட்டில் சிவப்பு மையைக் கண்டாலே முகம் வாடிவிடுகிறது!

‘எம்மா’வுக்கு ஜான் மரே என்னும் பெரிய பதிப்பாளர் வந்தார். அவர் ‘எம்மா’வோடு இன்னும் இரண்டு நாவல்களின் உரிமையையும் சேர்த்து 450 பவுண்டுக்குக் கேட்டார். அம்மையார் மறுத்தார். 1815 டிசம்பரில் தம் பொறுப்பிலேயே 2000 பிரதிகள் அச்சிடச் செய்தார். விளம்பரத்துக்கு இம்முறை குறைவில்லை. பட்டத்து இளவரசரின் நூலகர், நூலை இளவரசருக்குக் காணிக்கையாக்கலாம் என்று தெரிவித்தார். அந்த இளவரசரின் நடத்தை அம்மையாருக்கு அறவே பிடிக்காது; ஆயினும் அரச குடும்பத்தின் குறிப்பை மறுப்பது எப்படி? சிவப்புத் தோல் அட்டையிட்ட தனிப் பிரதி அரண்மனைக்குப் போயிற்று. அதே நூலகர், ஒரு குருவானவரைப் பற்றி எழுதுங்கள், அரச குலத்தைப் பற்றி வரலாற்று நாவல் எழுதுங்கள் என்றெல்லாம் யோசனை சொன்னபோது மட்டும், என் வழியை விட்டு என்னால் எழுத முடியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டார். மரே தம்முடைய ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’ ஏட்டில் சர் வால்டர் ஸ்காட்டைக் கொண்டு மதிப்புரை எழுதுவித்தார்.

இத்தனைக்கும் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ‘எம்மா’வில் சுமார் 221 பவுண்டு இலாபம், ஆனால் மரே வெளியிட்ட ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ இரண்டாம் பதிப்பில் 182 பவுண்டு நட்டம். ஒன்றில் மற்றதைக் கழித்ததும் கைக்கு வந்தது 39 பவுண்டுக்கும் குறைவே. உரிமையை விற்றபோதும் இழப்பு. விற்க மறுத்தபோதும் இழப்பு! ஆயினும் இரண்டாவது முடிவே எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் நூல் அவருடையதாகவே இருந்தது.

1816இல் ஹென்றியின் வங்கி முறிந்தது. அம்மையாரின் உடல்நலமும் குன்றியது. 1817 ஜூலை 18ஆம் நாள், தம் நாற்பத்தோராம் வயதில், வின்செஸ்டரில் காலமானார். நான்கு நாவல்களால் வாழ்நாளில் அவர் ஈட்டியது 600 பவுண்டுக்குச் சற்று மேல். வின்செஸ்டர் பேராலயத்தில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் நாவல்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் ‘பெர்சுவேஷ’னையும், ‘நார்த்தாங்கர் அபே’ என்று பெயர் மாறிய பழைய ‘சூச’னையும் ஹென்றி வெளியிட்டபோதுதான் ஆசிரியர் யாரென்பதை வாசகர் அச்சில் கண்டனர். 1832இல் பெண்ட்லி என்னும் பதிப்பாளர் ஐந்து நாவல்களின் உரிமையைக் கசாண்ட்ராவிடமும் ஹென்றியிடமும் 210 பவுண்டுக்கு வாங்கினார். ஆறாவதான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ மட்டும் குடும்பத்தாரிடம் இல்லை. அதற்குரிய 40 பவுண்டு எகர்ட்டனின் வாரிசுகளுக்குச் சென்றது.

— பத்தாம் வகுப்பு மாணவி