நெல்வயலும் நிலமட்டப் படமும்

நம் கிராமப் புலப்படத்தில் எல்லையும் அளவும் உண்டு. மேடு பள்ளம் இராது. மேடு பள்ளத்தைக் காட்டும் நிலமட்டப் படத்தைப் படிக்கும் முறையை, நெல் விளையும் அயல்நாட்டுப் பகுதி ஒன்றைக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி, பரந்த புல்வெளிச் சமநிலம் உள்ளது. அங்கே வார்ட்டன், மாட்டகோர்டா முதலிய வட்டாரங்களில் நெல் பயிராகிறது. 1879-ல் நிறுவப்பெற்ற அந்நாட்டு நில ஆய்வுத் துறை வெளியிட்ட படங்களில் 1 அங்குலம் என்பது தரையில் 2,000 அடியாகும். நீலம் நீரையும், பச்சை மரக்காட்டையும், கறுப்பு கட்டடங்களையும் குறிக்கும். பழுப்புக் கோடு ஒவ்வொன்றும் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பதாம். அக்கோடு வளையமாக மூடி, உட்புறம் சிறு கீற்றுகள் பெற்றிருப்பின் அது பள்ளம் என்று அறிக.

இச்சமநிலத்தில் கோட்டுக்குக் கோடு உயர வேற்றுமை பெரும்பாலும் 5 அடியே. ஆயினும் மைலுக்கு 5 அடி சரியும் நிலத்தில், இரு கோடுகளுக்கிடையே இரண்டரை அங்குலத்துக்கு மேல் வெறுந்தாளாகவே தோன்றும். அங்கு ஒன்றுமில்லை என எண்ணற்க. சரிந்த வயலில் அந்நாட்டார் ஏறத்தாழ இரண்டரை அங்குல உயர வேற்றுமைக்கு ஒரு வரப்பாக, சமமட்டத்தில் வளைத்து வளைத்து அமைப்பது வழக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வெறுந்தாளில் 24 அல்லது 25 வரப்புகள் அடங்கும்! ஆகவே படத்தைப் பார்த்து வரப்பு போட இயலாது. அதற்கு மட்டக்கருவி வேண்டும். (இன்று லேசர் ஒளியால் வயலைச் சமன்செய்து நேர் வரப்பு அமைப்போரும் பலர்.)

அப்படியாயின் படத்தின் பயன் யாது? நீர் எத்திசை செல்லும் என்பதே. கால்வாய் மேட்டின் வழியே சென்றால்தான் இருபுறமும் பாயும். சரிவுக்குக் குறுக்கே செல்லும் சாலை அணையாக மாறிவிடும்; நீலக்கோட்டைச் சாலை வெட்டும் இடந்தோறும் பாலமோ மதகோ உண்டா என்று பஞ்சாயத்து அங்கத்தினர் நேரில் சென்று பார்த்தல் வேண்டும். 2017-ல் ஹார்வி புயலின்போது கொலராடோ ஆறு பெருகி வார்ட்டன் நகருள் புகுந்தது. தட்டையான நிலத்தில் ஓரடி உயரமே வீட்டுக்குள் நீர் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

படத்தின் ஓரத்தில் அச்சிட்ட ஆண்டையும் பார்க்கத் தவறலாகாது. இதே கரையோரத்தில் ஹூஸ்டன் நகரை அடுத்து, நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் சில இடங்களில் தரை 9 அடிக்கு மேல் தாழ்ந்துவிட்டது. இறைப்பைக் கட்டுப்படுத்த 1975-ல் தனி வாரியமே அமைக்கப்பட்டது. அங்கே பழைய படத்தின் உயர எண்ணை நம்பி வடிகால் வெட்டுவோர் ஏமாறுவர்.