தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

சங்கத்தின் பொங்கல் விழாவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, "மாமா, நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் அழுக்குத் தண்ணீரை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். நவி மும்பைப் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரிலும் அதை ஒட்டிய ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலையிலும் இருபது ஆண்டுகளாகப் பொறியாளனாக இருக்கிறேன். அன்று கூட்ட நெரிசலில் சரியாகப் பதில் சொல்லவில்லை. நம்மவர் பலர் இத்தொழிலில் இருப்பதால், அதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் வரும் கழிவுநீர் இரண்டு வகை. ஒன்று, ஜல்லியும் மணலும் கழுவிய நீர். அதில் இருப்பது கல்தூள். மற்றொன்று, கான்கிரீட் லாரியின் டிரம்மைக் கழுவிய நீர். அதில் கல்தூளோடு சிமெண்டும் கலந்திருக்கும்.

முதலில் கல்தூளைப் பார்ப்போம். தேக்கி வைத்தால் தூள் அடியில் படியும். எவ்வளவு நேரத்தில் என்பதுதான் கேள்வி. 1 மீட்டர் ஆழமுள்ள அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் சுமார் 2 நிமிடத்தில் அடியைத் தொடும். 0.01 மில்லிமீட்டர் துகளுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் வேண்டும். 0.001 மில்லிமீட்டர் துகளுக்கோ பத்து நாளுக்கு மேல் ஆகும். பருமன் பத்தில் ஒன்றானால் நேரம் நூறு மடங்காகிறது. ஆகவே தொட்டிகளை வரிசையாகக் கட்டி, ஒன்று வழிந்து அடுத்ததில் மெதுவாக விழும்படி விடுகிறோம். மிக நுண்ணிய தூளுக்குப் படிகாரம் போன்ற பொருள் சேர்க்கிறோம். ஊரில் நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தார்களே, அதே தத்துவம்தான். சிறு துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, சீக்கிரம் கீழே இறங்குகின்றன. தொட்டியில் சேறு நிறைந்தால் நீர் தங்கும் நேரம் குறைந்துவிடும். எனவே சேற்றை அவ்வப்போது அள்ளியாக வேண்டும்.

இனி சிமெண்ட் நீர். நான் வேலையில் சேர்ந்த புதிதில், விழுப்புரம் பக்கத்துத் தம்பி ஒருவர் டிரம் கழுவும் வேலையில் இருந்தார். கடைசித் தொட்டி நீர் கண்ணாடி போல் இருக்கும். வேலை முடிந்ததும் அதிலேயே கைகால் கழுவுவார். ஒரே வாரத்தில் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. "தண்ணி தெளிவாத்தானே சார் இருக்கு?" என்றார். அவரை முன்பே தடுத்திருக்க வேண்டியவன் நான். தெளிவைப் பார்த்து நானும் ஏமாந்திருந்தேன்.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து வைத்தால் மேலே தெளிந்த நீர் நிற்கும் அல்லவா? அதன் காரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிமெண்ட் நீரும் அப்படியே. அதன் பி.எச். மதிப்பு 12-ஐ ஒட்டி இருக்கும். வெளியே விடும் நீர் 5.5-க்கும் 9-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் பொதுத் தரம். 9-க்கும் 12-க்கும் வித்தியாசம் மூன்றுதானே என்று எண்ணலாகாது. ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு; ஆக, காரம் ஆயிரம் மடங்கு. ஓடையில் விட்டால் மீன்களின் செவுள் தாங்காது.

இதற்கு மருந்து பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்பு நீரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் பால் போல் வெளுக்கும் என்று படித்திருப்பீர்கள். அப்படி வெளுக்கும்போது காரம் குறைகிறது. ஆலையிலும் அந்த வாயுவைச் செலுத்திக் காரத்தைத் தணிக்கலாம்.

அதைவிட நல்ல வழி, அந்த நீரை வெளியே விடாமலே இருப்பது. மீனைக் கொல்லும் காரம் கான்கிரீட்டைக் கெடுப்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 தரம், கலவை நீரின் பி.எச். 6-க்குக் குறையக் கூடாது என்றுதான் சொன்னது. மிதக்கும் தூளுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் என்று வரம்பும் வைத்தது. பரிசோதித்த பிறகு அந்த நீரையே அடுத்த கலவைக்கும், அடுத்த டிரம் கழுவவும் பயன்படுத்தலாம். லாரித் தண்ணீர் வாங்கும் செலவும் குறையும்.

இத்தனை ஏற்பாட்டையும் கெடுக்கக் கூடியது மழை. ஓர் ஏக்கர் முற்றத்தில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 4 லட்சம் லிட்டர் நீர் சேரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை மும்பைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். தொட்டி நிரம்பி வழிந்தால் காரமும் சேறும் நேரே நாலாவுக்குப் போய், அங்கிருந்து கடற்கழியில் சேரும். ஆகவே மே மாதத்திலேயே தொட்டிகளைத் தூர்வாரி, மழைநீர் அவற்றில் விழாதபடி தனி வாய்க்கால் வெட்டிவிட வேண்டும்.

உங்கள் வீட்டில் யாரேனும் இத்தொழிலில் இருந்தால் இரண்டு செய்தி சொல்லுங்கள். ரப்பர் கையுறையும் பூட்ஸும் இல்லாமல் அந்த நீரில் இறங்க வேண்டாம். பட்டுவிட்டால் உடனே நல்ல நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும்.

கேள்வி கேட்ட பெண்ணுக்கு என் பதில் இதுதான், அம்மா: தெளிய வைப்பது பாதி வேலை, காரத்தை அளந்து பார்ப்பது மறுபாதி. எங்கள் கடைசித் தொட்டியின் அருகில் இப்போது பி.எச். காகிதப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதை அங்கே மாட்டியவர் அந்த விழுப்புரத்துத் தம்பிதான்.