கண்ணின் பிரித்தறியும் திறன்

மைசூர் அரண்மனை ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1897-இல் தொடங்கப்பெற்று 1912-இல் நிறைவெய்தியது. தசரா இரவுகளில் அதன்மீது ஏறத்தாழ ஒரு லட்சம் மின்விளக்குகள் ஒளிர்கின்றன. முற்றத்தில் நிற்போர் அவற்றைத் தனித்தனியே காண்கின்றனர். சாமுண்டி மலையிலிருந்து நோக்குவோருக்கோ அவை இணைந்து ஒளிக்கோடுகளாகத் தோன்றுகின்றன. இதன் காரணம் யாது?

விளக்கின் ஒளிக்கதிர்கள் கண்ணின் முன்புறத்திலுள்ள கார்னியா என்னும் படலத்திலும், பின்னுள்ள வில்லையிலும் விலகலடைந்து விழித்திரையில் பிம்பமாகக் குவிகின்றன. விழித்திரையின் நடுவில் ஒளியை உணரும் கூம்பு அணுக்கள் நெருங்கி அமைந்துள்ளன. இரு பிம்பங்களுக்கு இடையே ஒளி குன்றிய அணு ஒன்றேனும் இருந்தால்தான் அவை இரண்டெனப் புலப்படும். இதற்கு, இரு பொருள்களும் கண்ணில் ஒரு கலை அளவு, அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு, கோணமேனும் அமைத்தல் வேண்டும்.

இரு விளக்குகள் 15 செ.மீ. இடைவெளியில் உள்ளன எனக் கொள்வோம். ஏறத்தாழ 515 மீட்டர் தொலைவில் அக்கோணம் ஒரு கலையாகும். அதற்கப்பால் அவை ஒன்றாகவே தோன்றும். மலையோ அதனினும் பன்மடங்கு தொலைவிலுள்ளது.

ஒரு பொருளைக் காண்பது வேறு. அதன் பகுதிகளைப் பிரித்தறிவது வேறு. விண்மீன் அமைக்கும் கோணம் ஒரு கலையினும் மிகச் சிறியது. ஆயினும் போதிய ஒளி வருவதால் அது தெரிகிறது.

கண் பரிசோதனை அட்டையும் இக்கோணத்தையே அடிப்படையாகக் கொண்டது. 6 மீட்டரில் படிக்கவேண்டிய வரிசையில் எழுத்தின் உயரம் ஏறக்குறைய 8.7 மி.மீ.; அதன் கோட்டின் தடிப்பு 1.75 மி.மீ. இத்தடிப்பு கண்ணில் ஒரு கலைக் கோணம் அமைக்கிறது. 6/9 பார்வையெனில், இயல்பான கண் 9 மீட்டரில் படிப்பதை அக்கண் 6 மீட்டரில்தான் படிக்கும் என்பது பொருள்.

கிட்டப்பார்வையுள்ள கண்ணில், தொலைவிலிருந்து வரும் கதிர்கள் விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுவதால் பிம்பம் மங்குகிறது. தக்க குழிவில்லை இக்குறையை நீக்கும்.

ஆசிரியர்கள் கவனத்திற்கு: "கரும்பலகை தெரிகிறதா?" என்று வினவினால் இக்குறையுள்ள சிறுவனும் "தெரிகிறது" என்றே விடையளிப்பான், பலகை அவனுக்குத் தெரியத்தான் செய்கிறது. எனவே எழுத்துக்களைப் படிக்கச் சொல்லுதல் வேண்டும். நல்ல வெளிச்சத்தில், 6 மீட்டர் தொலைவில் நிறுத்தி, ஒரு கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மூடச்செய்து, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதித்தல் நலம். படிக்க இயலாதவனைக் கண் மருத்துவரிடம் அனுப்புக. அதற்குமுன் அவனை மந்த புத்தியுடையவன் எனக் கருதுதல் தகாது.