மீட்டர் காட்டும் எண்

கேள்வி: கார்புரேட்டர் வைத்த என் பழைய மாருதி 800-இல் காற்று-பெட்ரோல் விகித மீட்டர் மாட்டியிருக்கிறேன். முள் எப்போதும் 14.7-இல்தான் நிற்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. சமதளத்தில் சீராக ஓட்டும்போது அது சரி. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து மேடு ஏறும்போது 12.5, 13 என்று இறங்க வேண்டும். அப்போதும் 14-க்கு மேல் நின்றால் பெட்ரோல் போதவில்லை. எஞ்சின் 'நாக்' அடிக்கும், பிஸ்டனே உருகலாம். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்குங்கள். பலரும் ஐடில் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பார்கள், வீண் வேலை.

சென்சார் 'வைட்பேண்ட்' தானே? மற்றது 14.7-ஐ விட்டு விலகினால் நம்பத் தகாது. சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் ஓட்டை, பிளக்கில் மிஸ்ஸிங் இருந்தாலும் மீட்டர் பொய்யாக எண்ணைக் கூட்டிக் காட்டும். அவற்றைச் சரிசெய்த பிறகே ஜெட்டில் கை வையுங்கள்.