மரக்காணம் கரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மரக்காணம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கி.மீ. தொலைவில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கடலோர ஊர். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழகத்தில் உப்பு மிகுதியாக விளையும் இடம் இது. பழைய கிரேக்கக் கடல்வழி நூலொன்றில் இவ்வூர் இடம்பெற்றுள்ளதாகக் கருதப்படுவதால், இதன் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கதை தவறாமல் வந்துவிடும். அக்கதையில் மெய்யும் உண்டு, மிகையும் உண்டு.

நம்பிக்கை: சோபட்மா யவனர் உருவாக்கிய துறைமுகம்.

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து கடல் வணிகம் செய்த பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய கையேடு ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’. கிழக்குக் கரைக்கு வரும்போது கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளை அது வரிசையாகச் சொல்கிறது. பொதுகே என்பது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். இத்துறைகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில் அந்த வணிகர் எடுத்துக்காட்டுவது தம் நாட்டுக் கப்பல்களை அன்று. கரையோரமாகச் செல்லும் உள்ளூர்க் கலங்களையும், பெருமரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கர’ என்ற கலங்களையும், கங்கைக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் ஓடிய பெருங்கப்பல்களையும்தான்.

துறைமுகத்தின் பெயரே தமிழ். ‘சோ’, ‘எயில்’ இரண்டுக்கும் மதில் என்பது பொருள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, மதிலின் பெயரைத் தாங்கிய பட்டினம் ஒன்றைக் காட்டுகிறது. எயிற்பட்டினம், சோப்பட்டினம், சோபட்மா மூன்றும் ஒன்றே என்ற கருத்து இங்கிருந்துதான் பிறந்தது. இந்நூலைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் மரக்காணத்துக்கு வடக்கே தொடங்கும் இடைக்கழிநாட்டில் உள்ள நல்லூர். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக எரித்து, நெடுநாள் பழகிய தேறலை வடித்து, சுட்ட மீனோடு பாணருக்குப் பரதவர் தரும் விருந்தை அவர் பாடியிருக்கிறார். நெய்தல் மக்கள் தங்கள் கரையில் நடத்திய வாழ்வு அது.

நம்பிக்கை: யவனர் மது ரோமாபுரியிலிருந்து வந்தது.

அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இத்தாலியில் செய்த மெருகுள்ள சிவப்பு மட்கலங்கள் கிடைத்ததும், அது ரோமானியரின் வணிகத்தலம் என்ற எண்ணம் பரவியது. ஆனால் அங்கு கிடைத்த மது ஜாடிச் சில்லுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பங்கு ஏஜியன் கடலில், துருக்கிக் கரையை ஒட்டியிருக்கும் கோஸ் என்ற கிரேக்கத் தீவின் பாணியைச் சேர்ந்தது என்று தெரிந்தது. கோஸ் ஜாடியின் பிடி தனித்தன்மை கொண்டது: இரண்டு களிமண் உருளைகளை ஒட்டவைத்ததுபோல் நடுவே ஒரு பள்ளம் ஓடும். கையளவு சில்லு கிடைத்தாலும் இதை அடையாளம் கண்டுவிடலாம். அத்தீவின் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். அதற்கான செய்முறையை ரோமானிய எழுத்தாளர் கேட்டோ எழுதிவைத்திருக்கிறார். இப்பாணி ஜாடிகளைப் பிற இடங்களிலும் செய்தார்கள் என்பதால், ஒவ்வொரு சில்லும் கோஸ் மண்ணில் ஆனது என்று அடித்துச் சொல்ல முடியாது.

வீலர் மேலைநாட்டிலிருந்து வந்ததாகக் கருதிய உருள்வரிப் பானைகளை இன்று இந்திய மண்ணில் செய்தவையாகவே கொள்கின்றனர். யவனர் தொடர்புக்கு முன்பே அரிக்கமேட்டில் மக்கள் வாழ்ந்ததை 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு உறுதிப்படுத்தியது.

நம்பிக்கை: உப்பளங்கள் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தவை.

வெள்ளைக்காரர் கொண்டுவந்தது வரியும் தனியுரிமையும். சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமை ஆனது 1805-இல். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைக் குறிப்பிடுகின்றன. வண்டியில் உப்பேற்றி ஊரூராகச் சென்ற உமணர் சங்கப் பாடல்கள் பலவற்றில் வருகின்றனர்.

கடல்நீரைத் தேக்கினால் உப்பு தானாக விளைந்துவிடும் என்பதும் இதனுடன் சேர்ந்த தவறான எண்ணம். முதலில் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இல்லையென்றால் நீர் கீழே இறங்கிவிடும், உப்பிலும் சேறு ஏறும். நீரின் அடர்த்தியை அளக்கும் பாமே அளவையில் கடல்நீர் சுமார் 3 டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைத்து 25 டிகிரி வந்தால்தான் உப்பு பூக்கும். அதற்குள் ஜிப்சம் தனியே படிந்துவிடும். ஏறக்குறைய 29 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும் என்பதால், எஞ்சிய நீரை அதற்குள் வடித்துவிடுகிறார்கள். நீண்ட பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிக்கும் வேலை, வெயில் ஏறுமுன் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். பாத்தி தயாரிப்பு தை மாதத்தை ஒட்டித் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் பாத்திகள் மூழ்க, தொழிலாளருக்கு வேலை நின்றுவிடும். ஒரு கோடை மழைகூடப் பூத்த உப்பைக் கரைத்து, பல நாள் உழைப்பை வீணாக்கிவிடும்.

நம்பிக்கை: ஆலம்பரைக் கோட்டையைக் கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில் இடிந்து நிற்கும் இக்கோட்டை முகலாயர், ஆர்க்காட்டு நவாபு ஆட்சிக் காலத்தது. 1750-இல்தான் அது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்குப் போனது. பத்தே ஆண்டில், 1760-இல், ஆங்கிலேயர் அதைப் பிடித்துத் தகர்த்தனர். ஒருகாலத்தில் இங்கு நாணயச் சாலையும் இருந்தது.

நம்பிக்கை: கழுவெளி, கோடையில் காயும் வெற்று நிலம்.

பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுவது மரக்காணத்தை ஒட்டியுள்ள கழுவெளி. தெற்கிலும் மேற்கிலும் இருந்து மழைநீர் வந்து சேரும். வடக்கே இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறும். அதனால் ஒரே ஏரியின் ஒரு பக்கம் நன்னீரும் மறு பக்கம் உவர்நீருமாக இருக்கும். கோடையில் பெரும்பகுதி வற்றுவது இதன் இயல்பு; நீர் வடிந்த சேற்றிலும் ஆழமற்ற நீரிலும்தான் கரையோரப் பறவைகள் இரை தேடுகின்றன. வெற்று நிலம் என்ற எண்ணமே ஆக்கிரமிப்புக்கு வழிவிட்டது. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் இங்கே காணலாம். வலசை வரும் பறவைகளைப் பார்க்க ஐப்பசி முதல் மாசி வரை ஏற்ற காலம். மது ஜாடிகளின் பாணியால் நாம் கண்ட அதே கோஸ் தீவின் வடகரையில், உப்பெடுப்பு நின்றுபோன அலிக்கெஸ் உப்பேரியிலும் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன.